விழுந்தோரும் திருப்பந்தியும்

எகிப்து தேசத்தின் ஃபாயூம் பிரதேசத்து மணலிலே பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் புதைந்துகிடந்து, 1893-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஒருவரால் அச்சேறிய பாப்பிரஸ் சீட்டொன்று உண்டு. அலெக்சாந்தர் தீவு என்னும் சிற்றூரைச் சேர்ந்த, சத்தாபூஸ் என்பவனுடைய மகன் ஔரேலியுஸ் தியோகெனேஸ், வயது 72, வலப்புருவத்தில் தழும்புடையவன், பலிகளை மேற்பார்க்க நியமிக்கப்பட்ட அதிகாரிகளுக்குச் செய்துகொண்ட விண்ணப்பம் அது. தான் எக்காலமும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவனென்றும், இப்பொழுதும் இராஜ கட்டளையின்படி அவர்கள் கண்முன்னாலேயே பலியிட்டு, பானபலி வார்த்து, படையலையும் உண்டானென்றும், அதற்குச் சாட்சிக் கையெழுத்திட வேண்டுமென்றும் அவன் கேட்டுக்கொள்கிறான். தேதி, கி.பி. 250-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26. இந்த வகைச் சீட்டுகள் நாற்பதுக்கு மேல் இதுகாறும் கிடைத்திருக்கின்றன. தியோகெனேஸ் கிறிஸ்தவன் என்று கொள்ள அதில் யாதொரு குறிப்பும் இல்லை. ரோமச் சக்கரவர்த்தி டீசியஸின் கட்டளை குடிகள் அனைவருக்கும் பொதுவாகவே பிறந்தது. ஆனால் இப்படிப்பட்ட சீட்டொன்றைக் கையிலே வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கானோர் இருந்தனர் என்பதும், மறுதலித்த அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்வதா என்ற கேள்வி திருச்சபையை அடியோடு அசைத்துவிட்டதென்பதும் சரித்திரம்.

ரோம ஆட்சிக்குட்பட்ட ஆப்பிரிக்க மாகாணத்தின் தலைநகராகிய கார்த்தேஜிலே நடந்ததை, அந்நகரத்து அத்தியட்சராயிருந்த சிப்பிரியான் பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். நெடுங்காலச் சமாதானத்திலே சுகங்கண்டிருந்த அந்தச் சபையார் பிடிக்கப்படும்வரை காத்திருக்கவில்லை. தாங்களாகவே நகரமன்றத்திற்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டபடியால் நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் தள்ளிவைத்தபோதும், இன்றைக்கே முடித்துவிட வேண்டுமென்று கெஞ்சினவர்கள் பலர். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபங்காட்டினதோடு நின்றார்கள், சிலரோ பலிபீடத்தை அணுகாமல், அதிகாரிக்குக் கைக்கூலி கொடுத்துச் சீட்டை மட்டும் பெற்றுக்கொண்டார்கள். உபத்திரவம் சற்றே தணிந்ததும் இம்மூவகையாரும் தேவாலய வாசலிலே வந்து நின்றார்கள்.

சிப்பிரியான் அப்பொழுது ஊரில் இல்லை. ரோமாபுரி அத்தியட்சர் பாபியான் 250-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி இரத்தசாட்சியாய் மரித்திருக்க, இவரோ மறைவிடத்திலிருந்துகொண்டு நிருபங்களால் சபையை நடத்திவந்தார். மேய்ப்பன் ஓடிப்போனான் என்ற ஏச்சு ரோமாபுரியிலிருந்தே வந்தது. தம்மீதே பழியிருக்கும்போது பிறருடைய வீழ்ச்சிக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவராயிருந்தது அவருடைய நிலைமையின் விசித்திரம். அந்தச் சங்கடம்தான் அவருடைய எழுத்துக்கு ஓர் எச்சரிக்கையைக் கொடுத்ததென்று நான் எண்ணுகிறேன், ஆனால் அவர் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் இல்லாத வேளையில் ஓர் எளிய வழி பிறந்தது. விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சிறையிலே வாடிய சாட்சிகளுக்குச் சபையில் அளவற்ற மதிப்பிருந்தபடியால், மறுதலித்து விழுந்தோர் அவர்களிடத்தில் போய்ச் சிபாரிசு நிருபம் வாங்கி வந்தார்கள். முதலில் ஆளைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட அந்த நிருபங்கள், நாளடைவில் இன்னாரைத் 'தன்னைச் சேர்ந்தவர்களோடு' சேர்த்துக்கொள்க என்கிற அளவுக்குத் தாராளமாகிவிட்டன. சேர்ந்தவர்கள் என்ற சொல்லுக்குள்ளே இருபது முப்பது பேர் அடங்கினார்கள். இதைத்தான் சிப்பிரியான் பொறுக்கமாட்டாமற்போனார். பலிமாமிசம் உண்ட வாயைத் துடைத்துக்கொண்டு நேரே திருவிருந்துக்கு வருகிறவர்களையும், மறுதலித்த பின்பும் ஸ்நான மண்டபத்துக்கும் விருந்துக்கும் தவறாமல் போகிறவர்களையும், கண்ணுக்கு மையிட்டுப் பட்டுடுத்தித் துக்கமென்பதே அறியாமல் திரிகிற பெண்களையும் அவர் கடிந்துகொள்ளும் வாசகங்கள் இன்றைக்கும் சுடுகின்றன.

ரோமாபுரியிலே நேர்மாறான வழியை நோவாத்தியன் என்ற மூப்பர் பிடித்தார். கல்விமான், ஒழுக்கசீலர். 251-ஆம் ஆண்டில் கொர்நேலியு அத்தியட்சராகத் தெரிந்தெடுக்கப்பட்டபோது, அவருக்கு எதிராகத் தம்மையும் அத்தியட்சராக அபிஷேகம் பண்ணுவித்துக்கொண்டு, விசுவாசத்தை மறுதலித்தவனுக்குச் சபையின் சமாதானம், அதாவது திருவிருந்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுதல், மரணப்படுக்கையிலும் கிடையாதென்று போதித்தார். அவன் தவஞ்செய்யலாம், அழலாம், அவனைத் தேவன் மன்னித்தாலும் மன்னிக்கலாம், சபை மன்னியாது. இக்கட்சி சில தலைமுறைகளோடு அழிந்துவிடவில்லை. 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கத்துக்கு அக்கட்சியின் அத்தியட்சர் அகேசியு வந்திருந்தாரென்றும், அவருடைய கொள்கையைக் கேட்ட கான்ஸ்தந்தீன் சக்கரவர்த்தி, ஓர் ஏணியை வைத்துத் தனியாகவே பரலோகம் ஏறிக்கொள்ளும்படி அவரிடம் சொன்னாரென்றும் சபைச் சரித்திரக்காரரான சோக்கிரத்தேஸ் எழுதுகிறார். சக்கரவர்த்தியின் பரிகாசம் சுவையானதே. ஆனால் விசுவாசத்தினிமித்தம் யாதொரு நஷ்டமும் அடையாத ஓர் அரசனிடத்திலிருந்து அது வந்ததை மறந்துவிடலாகாது.

இவ்விரு கட்சிகளும் ஒன்றுக்கொன்று பரம விரோதிகளாகத் தோன்றினும், உண்மையில் இரண்டுமே மொத்த வியாபாரம் செய்தவை. ஒரு சிபாரிசு நிருபத்திலே முப்பது பேரை உள்ளே விட்டவனும், ஒரே வாக்கியத்திலே எல்லாரையும் வெளியே நிறுத்தினவனும், விழுந்தவன் யார், எப்படி விழுந்தான் என்று கேட்பதில்லை. சிப்பிரியானுடைய பெருமை, அவர் இவர்களுக்கு நடுவிலே நின்றார் என்பதிலே இல்லை; சில்லறையாகக் கணக்குப் பார்த்தார் என்பதிலேதான் இருக்கிறது. அந்தோனியானு என்ற அத்தியட்சருக்கு அவர் எழுதிய நீண்ட நிருபத்திலே இது தெளிவாகத் தெரிகிறது. கட்டளை பிறந்தவுடன் தானே குதித்தோடிப் பலியிட்டவனையும், நெடுநேரம் போராடி, நெருக்குண்டு, கடைசியிலே கை தளர்ந்தவனையும் ஒரே தட்டில் நிறுப்பதெப்படி? மனைவி மக்களையெல்லாம் தன்னோடு பலிபீடத்துக்கு இழுத்துச் சென்றவன் ஒருவன். தான் ஒருவனே போய்ப் பலியிட்டுத் தன் வீட்டார் அனைவரையும் காப்பாற்றினவன் மற்றொருவன். குத்தகைக்காரரைப் பலவந்தப்படுத்தினவன் ஒருவன்; தன் குடியானவரைத் தப்புவித்து, நாடுகடத்தப்பட்டு வந்த சகோதரருக்கும் இடங்கொடுத்தவன் மற்றொருவன். சீட்டு வாங்கினவனும் தன் நியாயத்தைச் சொல்லுகிறான்: நான் கிறிஸ்தவன், பலியிடுவது எனக்குத் தகாது, தகாததைச் செய்யாதிருக்கவே பணங்கொடுத்தேன். இந்த வாதத்தைச் சிப்பிரியான் ஏற்றுக்கொள்ளவுமில்லை, ஏளனம் செய்யவுமில்லை, அதைக் குறித்துக்கொள்கிறார்.

251-ஆம் ஆண்டில் கார்த்தேஜிலே கூடிய ஆப்பிரிக்க அத்தியட்சர் சங்கமும் இந்த முறையையே தழுவிற்று. சீட்டு மட்டும் பெற்றவர்களை, ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்வது. பலியிட்டவர்களோ நெடுந்தவத்திலே நிற்கவேண்டியது, மரணம் சமீபித்தால் சமாதானம் கொடுப்பது. துரோபீமு என்ற குரு ஒருவர் தூபங்காட்டினவர். தம் ஜனங்கள் பலரோடு மனந்திரும்பி வந்தபோது கொர்நேலியு அவரை ஏற்றுக்கொண்டார், ஆனால் குருவாகவன்று, சாதாரண விசுவாசியாகத்தான். மன்னிப்பு முழுமையானதுதான், பதவி அதனோடு கூடவே திரும்பிவர வேண்டுமென்ற நியாயமில்லை. மன்னித்தாயிற்றே, மேடையையும் கொடுத்துவிடு என்று கேட்கிற நம்முடைய காலத்தார் இந்த ஒரு செய்தியையாவது கவனிப்பது நலம்.

அந்நாள்களில் மெய்யான மனந்திரும்புதல் எவ்விதமாயிருந்ததென்பதைக் காட்ட, பிரசங்கங்களைக் காட்டிலும் செலெரீனு என்ற ரோமாபுரிச் சாட்சி எழுதிய நிருபம் ஒன்று போதும். அவருடைய சகோதரிகளாகிய இரு பெண்கள் விழுந்துபோனார்கள். அவர்களில் ஒருத்தி பலியிடவில்லை. மூன்று ஊழ்த்தெய்வங்கள் என்று பெயர்பெற்ற இடம்வரையில் ஏறிப்போய், பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தவள். வீழ்ச்சியின் தூரத்தை இப்படி அளந்து சொல்லுவதில் ஓர் அண்ணனுடைய அன்பு தெரிகிறது. ஈஸ்டர் பண்டிகைச் சந்தோஷத்திலும் அவர் இரட்டுடுத்திச் சாம்பலில் அமர்ந்து இரவும் பகலும் அழுததாக எழுதுகிறார். அப்பெண்கள் செய்ததென்ன? ஆப்பிரிக்காவிலிருந்து அகதிகளாய் வந்திறங்கிய சாட்சிகளைத் துறைமுகத்திலே எதிர்கொண்டு, நகரத்துக்கு அழைத்துவந்து, அவர்களில் 65 பேருக்குச் சகல பணிவிடையும் செய்துவந்தார்கள். தாங்கள் சகிக்கமாட்டாமற்போனதைச் சகித்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். இவர்களுக்காகச் சிபாரிசு கேட்ட செலெரீனுவுக்குக் கார்த்தேஜ் சிறையிலிருந்து வந்த பதிலோ, எல்லாருக்கும் சேர்த்துப் பொதுவாகக் கொடுத்த அந்தத் தாராளச் சமாதானமே! உண்மையான பச்சாத்தாபமும் மலிவான மன்னிப்பும் ஒரே தபாலிலே எதிரும் புதிருமாகப் பிரயாணம் செய்த காலம் அது.

அலெக்சந்திரியா அத்தியட்சர் தியொனீசியு கூறுகிற ஒரு சம்பவமும் இங்கே நினைக்கத்தக்கது. செராப்பியோன் என்ற முதியவர், நெடுங்காலம் குற்றமற்று வாழ்ந்து, சோதனை வேளையில் பலியிட்டுவிட்டார். எத்தனையோ முறை மன்றாடியும் செவிகொடுப்பாரில்லை. நோயுற்று மூன்று நாள் பேச்சுமூச்சின்றிக் கிடந்து, நான்காம் நாள் சற்றே தெளிந்தபோது, மகள் வயிற்றுப் பேரனை அழைத்து, மூப்பரைக் கூட்டிவரச் சொன்னார். அப்பொழுது இரவு, மூப்பரும் நோயாய்ப் படுத்திருந்தார். சாகுந்தறுவாயிலுள்ளோர் கேட்டால், விசேஷமாய் முன்னமே வேண்டிக்கொண்டவர்களாயிருந்தால், சமாதானம் கொடுக்கும்படி தியொனீசியு கட்டளையிட்டிருந்தபடியால், மூப்பர் நற்கருணை அப்பத்தில் சிறிதளவு எடுத்துப் பையனிடம் கொடுத்து, நனைத்துக் கிழவருடைய வாயிலே விடச்சொன்னார். பையன் அப்படியே செய்தான். கிழவர் அதை விழுங்கி உயிர்விட்டார். இதைத் தியொனீசியு எழுதியது, நோவாத்தியன் பக்கமாய்ச் சாய்ந்திருந்த அந்தியோகியா அத்தியட்சருக்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பெரிய வேதசாஸ்திரத் தர்க்கத்துக்கு ஒரு சிறுபையன் கையிலிருந்த அப்பத்துணுக்கைப் பதிலாக அவர் அனுப்பினது விளங்கும்.

253-ஆம் ஆண்டில் மறுபடியும் உபத்திரவம் வரும்போலிருந்தது. சிப்பிரியானும் அவரோடு 41 அத்தியட்சர்களும் கூடித் தங்கள் முந்தின தீர்மானத்தைத் தளர்த்தினார்கள். சபையை விட்டகலாமல் அழுது தவஞ்செய்துவந்த அனைவருக்கும், மரணப்படுக்கைவரை காத்திராமல் உடனே சமாதானம் கொடுப்பதென்று முடிவாயிற்று. கிறிஸ்துவுக்காகத் தன் இரத்தத்தைச் சிந்தப்போகிறவனுக்குக் கிறிஸ்துவின் இரத்தத்தை மறுப்பது எந்த நியாயம் என்பது அவர்களுடைய வாதம். அதே காலத்தில், மூன்று ஆண்டுகளாய் அழுதுகொண்டிருந்த மூவரைப்பற்றி விசாரணை வந்தது. முதல் நீதிபதியின் முன்பும் ஜனக்கூட்டத்தின் முன்பும் வாதைகளைச் சகித்து நின்று, பிற்பாடு தேசாதிபதியின் முன்னே மறுபடியும் வாதிக்கப்பட்டு, சரீரம் தாங்காமல் விழுந்தவர்கள் அவர்கள். இவர்களைச் சேர்த்துக்கொள்வதில் சிப்பிரியானுக்குத் தயக்கமே இருக்கவில்லை. பிற்காலத்தில் கூடிய நிசேயா சங்கம், பலவந்தமின்றி மறுதலித்தவர்களுக்குக் கேட்போர் வரிசையில் 3 ஆண்டு, பணிந்து விழுவோர் வரிசையில் 7 ஆண்டு, ஜெபத்தில் மட்டும் பங்குபெற 2 ஆண்டு என்று பன்னிரண்டு ஆண்டை விதித்தது. ஆயினும் மற்றொரு பிரமாணத்தில், பயத்தாலும் கண்ணீராலும் நற்கிரியைகளாலும் மனமாறுதலை மெய்ப்பித்தவர்களுக்குத் தயை காட்ட அத்தியட்சர்களுக்கு இடங்கொடுத்தது. ஆண்டுக்கணக்கு சட்டத்தின் கையில். ஆளைப் பார்ப்பது மேய்ப்பன் கையில்.

நம்முடைய சபைகளிலும் பகிரங்கமான பாவத்தில் விழுந்தவனைத் திருவிருந்தினின்று நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. நிறுத்துவதிலே நாம் காட்டுகிற சுறுசுறுப்பைத் திரும்பச் சேர்ப்பதிலே காட்டுவதில்லை. பல இடங்களில் நிறுத்தப்பட்டவனை விசாரிக்க ஒருவரும் அவன் வீட்டு வாசலை மிதிப்பதேயில்லை. செல்வாக்குள்ளவனானால், நிறுத்துவதுமில்லை, விசாரிப்பதுமில்லை. அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் மூப்பர் கூட்டத்திலே யாராவது ஒருவர், இவன் நடிக்கிறானோ என்னமோ, யார் கண்டது என்று கேட்கிறார்; கூட்டம் அதோடு கலைகிறது. இக்கேள்வி 253-ஆம் ஆண்டிலும் எழுந்தது. ஒருவன் வாயினாலே சொல்லுகிறதையும் அவனுடைய கிரியைகளையும் மட்டுமே மனிதர் பார்க்கமுடியும். இருதயத்திலே கபடத்தை வைத்துக்கொண்டு வருகிறவன் தன்னைத்தானே வஞ்சித்துக்கொள்ளுகிறான், ஊழியக்காரர் தவறாகத் தீர்த்ததைக் கர்த்தர் திருத்திக்கொள்வார் என்ற மனத்துடனே அந்த அத்தியட்சர்கள் தங்கள் தீர்மானத்தை எழுதி, ரோமாபுரியிலிருந்த கொர்நேலியுவுக்கு அனுப்பினார்கள்.