ஏடு சொல்லாத கணக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலர் மலேரியாக் காய்ச்சலால் மாண்டனர். தோட்டத்தை விட்டு ஓடியோரும் வழியில் இறந்தோரும் முழுமையாக ஏட்டில் ஏறவில்லை. ஆதலின் இறப்புக் கணக்கு மட்டும் நோயின் அளவை உணர்த்தவில்லை.

1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் வேறொரு கணக்கை நாடினார். அடிக்கடி மலேரியா கண்ட உடலில் மண்ணீரல் வீங்கும் அன்றோ! தோட்டந்தோறும் சிறுவர்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, அவ்வாறு வீங்கியோர் நூற்றுக்கு எத்தனை பேர் எனக் குறித்தார்.

சமவெளிச் சதுப்பில் வடிகால் வெட்டியதும் நோய் தணிந்தது; குன்றுப் புறங்களில் தணியவில்லை. அங்கே தெளிந்த ஓடைநீரில் பெருகும் வேறினக் கொசுவே காரணம் எனப் பின்னர்ப் புலப்பட்டது. தம் ஆய்வை அவர் 1911இல் நூலாக்கினார்.

பதிவேடு தவறிய இடத்தில் குழந்தைகளின் உடலே சான்றாயிற்று. பெயர் எழுதப்படாத அச்சிறார் தந்த எண்ணே பின்வந்தோர் உயிரைக் காக்க உதவியது.