லேப்ராஸ்கோப்பிதானே!

பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்றால் இன்னைக்கு யாரும் பெரிசா பயப்படுவதில்லை. 'லேப்ராஸ்கோப்பிதானே, நாளைக்கே வீட்டுக்கு வந்துடலாம்' என்கிறோம். அந்தத் 'தானே'வின் வரலாற்றைப் படித்தபிறகு என்னால் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையையே வெட்டி எடுத்தார். கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடியும் கல்லை உண்டாக்கும் என்பது அவர் வாதம். அடுத்த நூறாண்டுக்கும் அதுதான் வழி: வயிற்றில் நீண்ட வெட்டு, நாள்கணக்கில் படுக்கை.

1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்ளிங்கன் நகரில் எரிக் மூஹே, தானே வடிவமைத்த கருவியைக்கொண்டு லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார். 1986இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தில் அதை விளக்கியபோது கிடைத்தது ஏளனம்தான். பிறகு அவருடைய நோயாளி ஒருவர் இறந்துபோக, வழக்கும் வந்தது. 1990இல்தான் அவர் அதிலிருந்து மீண்டார். இதற்கிடையே 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே இதே சிகிச்சையைச் செய்ய, பெயர் அவருக்குப் போனது. மூஹேவை ஏளனம் செய்த அதே சங்கம் 1992இல் அவருக்கு விருது கொடுத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 1990களின் தொடக்கத்தில் எல்லோரும் இதற்குத் தாவினார்கள். சிலர் ஓரிரு நாள் பயிற்சியோடு கத்தியை எடுத்தார்கள். பொதுப் பித்தநாளத்தில் காயம்படுவது கூடியது. திறந்த அறுவையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு நேர்ந்தது, இதில் நாலைந்து பேருக்கு நேர்ந்தது. பையை இழுத்துப் பிடிக்கும்போது அதன் சிறுகுழாயும் பொதுநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடும். தட்டையான திரையில் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். தவறான குழாயை வெட்டினால் பித்தம் வயிற்றுக்குள் கசியும், மஞ்சள் காமாலை வரும், பெரிய அறுவை செய்து குடலை நாளத்தோடு இணைக்க வேண்டியிருக்கும்.

1995இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் ஒரு விதியை முன்வைத்தார்கள். கொழுப்பையும் சவ்வையும் விலக்கு. பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரி. பைக்குள் போவது இரண்டே இரண்டு அமைப்புகள் என்று கண்ணால் பார்த்த பிறகே வெட்டு. தெரியலையா? நிறுத்து, அல்லது வயிற்றைத் திற.

மூஹேவை ஏளனம் செய்தவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் 'இதைச் செய்யலாமா?' என்பதோடு அவர்கள் நின்றுவிட்டார்கள். 'எதைப் பார்த்த பிறகு வெட்டலாம்?' என்ற கேள்விக்குப் பத்தாண்டு பிடித்தது. அந்த இடைவெளிக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். ஆகவே, 'தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்துடுவோம்' என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னால் பதறாதீர்கள். அந்த வரலாறு அவருக்குத் தெரியும் என்று அர்த்தம்.