வயிற்றில் இருந்தபோது பட்ட பசி

எங்கட வீடுகளில ஒருத்தருக்குச் சீனி வருத்தம் எண்டு தெரிஞ்சால், அடுத்த கதை அவரின் வாயைப் பற்றித்தான் இருக்கும். "வாயைக் கட்டத் தெரியாது", "சோத்தைக் கண்டால் விடமாட்டார்". உடம்பு வைத்தவர்களுக்கும் இதே தீர்ப்புத்தான். வயது போய் மறதி வந்தால் மட்டும் "வயசுக் கோளாறு" எண்டு விட்டுவிடுவோம். சீனி, உடம்பு, மறதி மூன்றும் வேறு வேறு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் அந்த ஆளிடமே இருக்கிறது என்பதுதான் பொதுவான நினைப்பு. அந்த நினைப்பைக் குழப்புகிற ஒரு வரலாற்றைப் பற்றி இங்கே பேசுகிறோம். அது ஒரு உணவுத்தடையில் தொடங்குகிறது.

இடம் நெதர்லாந்து. யாழ்ப்பாணத்திலும் காலியிலும் கோட்டைகளை விட்டுப்போன அதே ஒல்லாந்தரின் நாடு. 1944 செப்டெம்பரில் நேசப்படைகள் அந்த நாட்டுக்குள் முன்னேற முயன்றன. அவர்களுக்கு உதவியாக, லண்டனில் இருந்த நாடுகடந்த ஒல்லாந்து அரசு ரயில் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. பதிலடியாக, ஆக்கிரமித்திருந்த ஜேர்மன் நாஜிகள் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடை செய்தார்கள். நவம்பரில் கால்வாய் வழியாகக் கொண்டுவர விட்டார்கள். ஆனால் அந்த வருசம் குளிர் முந்தி வந்தது, கால்வாய்கள் உறைந்தன. அம்ஸ்டர்டாமில் ஒருவருக்கான பங்கீடு நவம்பர் முடிவில் நாளுக்கு 1000 கலோரிக்குக் கீழே போனது. டிசெம்பரில் இருந்து ஏப்ரல் வரை 400 முதல் 800 கலோரிதான். சனம் துலிப் பூக் கிழங்கை அவித்துச் சாப்பிட்டது. சுமார் 20,000 பேர் செத்துப்போனார்கள். 1945 மேயில் விடுதலை கிடைத்தது. யூனிலேயே பங்கீடு 2000 கலோரியைத் தாண்டியது.

பஞ்சங்கள் பொதுவாக மெல்ல வந்து மெல்லப் போகும். இந்தப் பசிக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. அதற்கு முன்னும் பின்னும் சனம் ஓரளவு நல்லாகவே சாப்பிட்டது. ஆகவே ஒரு பிள்ளையின் பிறந்த திகதியை வைத்தே, தாயின் வயிற்றில் எந்த மாதங்களில் அது பசியில் இருந்தது எண்டு கணக்கிடலாம். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. அந்தக் குளிருக்குள்ளும் டொக்டர்மாரும் மருத்துவிச்சிமாரும் பிள்ளைகளை நிறுத்து எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் பதிவுகளை முதலில் பார்க்கப் போனவர்களில் ஒருவர் ஹார்வர்டைச் சேர்ந்த கிளெமென்ட் ஸ்மித். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பசிபட்ட பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தார்கள் எண்டு 1947இல் எழுதினார். இது எவரும் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

பிறகு வந்தவர்கள் ஸீனா ஸ்டைன், மேர்வின் சூசர் என்ற தென்னாப்பிரிக்கத் தம்பதி. நிறவெறி ஆட்சிக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்த மருத்துவர்கள். கருவில் பட்ட பசி மூளையைப் பாதிக்குமா என்பது அவர்களின் கேள்வி. அந்தக் காலத்தில் ஒல்லாந்தில் 19 வயது ஆண்கள் இராணுவச் சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்டார்கள்; அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 1972இல் வெளிவந்த பதில்: அறிவுச் சோதனைகளில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் 1976இல், ஏறக்குறைய 3 இலட்சம் இளைஞர்களின் பதிவில் இருந்து வேறொன்று தெரிந்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் பசிபட்டவர்களிடையே உடற்பருமன் கூட. கடைசி மாதங்களில் பசிபட்டவர்களிடையே அது குறைவு.

பசியில் இருந்த பிள்ளை ஏன் குண்டாக வேண்டும்? 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் எண்ட இரண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். வயிற்றில் இருக்கிற சிசு, சூல்வித்தகம் வழியாக வருவதை வைத்து வெளியுலகத்தைக் கணிக்கிறது. குறைவாக வந்தால், "வெளியிலும் இதுதான் நிலைமை" எண்டு எடுத்துக்கொண்டு சிக்கனமாகத் தன்னைக் கட்டுகிறது. கிடைப்பதைச் சேமிக்கும். மூளைக்குக் கொடுத்துவிட்டு மற்ற உறுப்புகளில் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபடுகிற ஒன்று சதையி. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறுகிற குளுக்கோசைக் கலங்களுக்குள் எடுக்கச் சொல்லுகிற ஓமோனாகிய இன்சுலினைச் சுரப்பது சதையியின் பீற்றாக் கலங்கள்தான். சின்னப் பானையில் சமைக்கப் பழகின வீட்டுக்குத் திடீரென்று நூறு பேர் வந்தது மாதிரி, பிறகு சோறும் சீனியும் தாராளமாக வரும்போது இந்தச் சதையி திணறுகிறது.

ஒல்லாந்துப் பிள்ளைகள் ஐம்பது வயதை அடைந்தபோது இது சோதிக்கப்பட்டது. அம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா காஸ்தௌஸ் ஆஸ்பத்திரியில் 1943 நவம்பருக்கும் 1947 பெப்ரவரிக்கும் இடையில் பிறந்த 2414 பேரின் பிறப்புப் பதிவுகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவர்களைத் தேடிப்பிடித்து, குளுக்கோசு குடிக்கக் கொடுத்து இரத்தம் பார்த்தார்கள். கருவில் பசிபட்டவர்களுக்குச் சீனி கூடுதலாக ஏறியது என்பது 1998இல் வெளியானது. அவர்களின் இன்சுலின் சுரப்பே குறைபாடானது எண்டு 2006இல் தெரிந்தது.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் மட்டும் பசிபட்ட பிள்ளைகள் வழமையான எடையில்தான் பிறந்தார்கள். தராசு அவர்களில் ஒரு குறையும் காட்டவில்லை. ஆனால் 50 வயதில், அந்தக் கூட்டத்துப் பெண்களிடம்தான் உடற்பருமன் கூடுதலாக இருந்தது. 56 முதல் 59 வயதில் அவர்களுக்கு ஒரு கவனச் சோதனை வைத்தார்கள். ஒரு நிறத்தின் பெயர் வேறொரு நிற மையில் எழுதப்பட்டிருக்கும். சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்லவேண்டும். கருத்தொடக்கத்தில் பசிபட்டவர்கள் இதில் பின்தங்கினார்கள். நினைவுச் சோதனையில் வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த வகைக் கவனம் வயதோடு தேயத் தொடங்குகிற திறன்களில் ஒன்று. மூளை மற்றவர்களைவிட முந்தி மூப்படைவதன் அடையாளமாக இருக்கலாம் எண்டு ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். 19 வயதில் இல்லாத வித்தியாசம் 58இல் தலைகாட்டியது.

எல்லா முற்றுகைக்கும் இதே முடிவு வரவில்லை. 872 நாள் நீடித்த லெனின்கிராட் முற்றுகையில் கருவில் இருந்தவர்களை 1997இல் ஆராய்ந்தபோது, சீனியில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அங்கே முற்றுகைக்குப் பிறகும் தாராளம் வரவில்லை; பசிக்குத் தயாரான உடம்புக்குத் தட்டுப்பாடே தொடர்ந்தது என்பது ஒரு விளக்கம். மற்றப் பக்கம், 1932–33 உக்ரேன் பஞ்சத்தை வைத்து 1 கோடிக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளில் செய்த ஆய்வு 2024இல் வந்தது. பஞ்சம் மிக மோசமாக இருந்த இடங்களில், கருத்தொடக்கத்தில் அதற்குள் அகப்பட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல்.

இதைத் தலைவிதி மாதிரி வாசிக்கக்கூடாது. இவை கூட்டங்களுக்கு இடையிலான வித்தியாசங்கள். பசிபட்ட எத்தனையோ பேருக்குச் சீனி வரவில்லை. இண்டைக்கு என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு நடக்கிறோம் என்பது இப்பவும் முக்கியம்தான். ஆனால் ஒரு உடம்பு தொடங்கின இடம் அந்த ஆளின் கையில் இருக்கவில்லை. சில நேரம் அது ஒரு இராணுவக் கட்டளையின் கையில் இருந்திருக்கு.

வன்னியில் 2009இல் கஞ்சி குடித்து உயிர்தப்பினவர்களுக்குள் கர்ப்பிணித் தாய்மாரும் இருந்தார்கள். மே மாதத்தில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து நினைவுகூருகிறோம். அண்டைக்கு வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு இப்ப உயர்தரம் படிக்கிற வயது. ஒல்லாந்துக் கணக்கில் பார்த்தால், அவர்களின் சதையியும் மூளையும் பேசவேண்டிய வயதுக்கு இன்னும் முப்பது, நாற்பது வருசம் இருக்கு. அதற்குள் செய்யக்கூடியவை உண்டு. அவர்களுக்கு வேளைக்கே சீனி பார்க்கலாம். கிளினிக்கில் "தாய் தகப்பனுக்குச் சீனி இருக்கா?" எண்டு கேட்கும்போது, "உங்களை வயித்தில வச்சிருக்கேக்க அம்மா எங்க இருந்தவ, என்ன சாப்பிட்டவ?" எண்டும் கேட்கலாம். தாய்மார் இருக்கும்போதே அந்தப் பதிலை எழுதி வைக்கலாம்.

அம்ஸ்டர்டாமில் இவ்வளவும் தெரியவந்தது ஒரு ஆஸ்பத்திரியின் பிறப்புப் புத்தகங்களை ஆரும் எரிக்காததால்தான். வன்னித் தாய்மார் பலரின் கிளினிக் காட் இடம்பெயர்வில் தொலைந்துபோனது. அவர்களின் ஞாபகம்தான் மிஞ்சியிருக்கிற புத்தகம்.