சுவர்க்கோழியின் செவியும் ஓர் ஆசிரியரின் தொலைபேசியும்

உழைப்பின் தாளத்தை உடப்பு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கரைவலை இழுப்போர் வரிசையின் ஒரு முனையில் எழும் அம்பாப் பாட்டு, கடற்காற்றில் மெலிந்தே மறுமுனையை அடையும். ஆயினும் கைகள் ஒன்றாக இயங்கும். அங்கே செவி பற்றிக்கொள்வது ஒலியின் பலத்தை அன்று, அதன் காலக்கணக்கையே.

இதே புதிரை இரவிற் பாடும் சுவர்க்கோழியும் தீர்த்தாக வேண்டும். ஆண் தன் முன்சிறகுகளை உரசிப் பாடுகிறது. பெண் அதைக் கேட்டு நாடி வருகிறது. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியழுத்தம் பாதியாகிவிடும். அருகிற் பாடுவதும் தொலைவிற் பாடுவதும் பலத்தால் வேறானவை. அங்ஙனமாயின், தன் இனத்தின் பாட்டைப் பெண் எவ்வாறு இனங்காண்கிறது?

சுவர்க்கோழியின் செவி தலையில் இல்லை. முன்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இதனை 1844இல் ஜெர்மானிய அறிஞர் சீபோல்ட் எடுத்துரைத்தார். எனினும், பெண்ணை அழைத்து வருவது கேள்வியா, மணமா, பார்வையா என்ற ஐயம் நீடித்தது. அதனைத் தீர்த்தவர் வியன்னாவிலே பள்ளியாசிரியராகப் பணியாற்றிய சுலோவீனியர், இவான் ரேகன். 1913இல் அவர் வெளியிட்ட சோதனை மிக எளியது. தொலைபேசியின் ஒரு முனையில் ஆண் பாடிற்று. மறுமுனையில் பெண் கேட்டது. ஒலி வெளிவந்த முனையை நாடிச் சென்றது. மணமும் உருவமும் கம்பியிற் செல்லமாட்டா. அக்காலத் தொலைபேசி ஒலியைப் பழுதின்றிக் கொண்டுசெல்லும் கருவியுமன்று. எனவே, மெலிந்து திரிந்த ஒலியிலும் அழியாத ஏதோ ஒன்றைப் பெண் அறிந்தது என்பது தெளிவு.

அந்த ஒன்று யாது? பிற்கால ஆராய்ச்சி படிப்படியாக விடை கண்டது. 1988இல் கனடாவின் ஜெரால்டு பொல்லாக் ஓர் உண்மையைக் காட்டினார். பலத்த பாட்டுத் தொடர்ந்து கேட்கும்போது கேள்வி நரம்பணு தன் கூர்மையைத் தாழ்த்திக்கொள்கிறது. பின்னணியின் மெல்லிய பாட்டுகள் மறைய, ஒரு பாடகனின் தாளம் தெளிவாக நிற்கிறது. 2015இல் கேம்பிரிட்ஜின் ஹெட்விக் குழுவினர், பெண்ணின் மூளையிலே ஐந்தே நரம்பணுக்கள் கொண்ட சுற்றொன்றை விளக்கினர. ஒலித்துடிப்பொன்று வந்ததும் ஓர் அணு முதலில் அடங்கிப் பின்னர் தானே துள்ளி எழுகிறது. அது எழும் கணத்தில் அடுத்த துடிப்பும் வந்து சேர்ந்தால்தான் ‘இது நம் பாட்டு’ என்ற குறி பிறக்கும். இவ்விடைவேளை ஏறத்தாழ 40 மில்லிசெக்கன். இங்கே தீர்ப்பளிப்பது பலமன்று, காலமே.

ஆனால், பலம் பயனற்றதென்று நாம் முடிவுசெய்தலாகாது. இரு கால்களின் செவிகளிலும் விழும் பல வேறுபாடே பாடகன் இருக்கும் திசையைக் காட்டுகிறது. தாளம் ‘யார்’ என்பதையும், பலம் ‘எங்கே’ என்பதையும் கூறுகின்றன. பலத்துக்குக் கவர்ச்சியும் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் மரச்சுவர்க்கோழி இனமொன்றை ஆராய்ந்தனர். அதில் மெலிந்த குரலுடைய ஆண்கள் இலையிலே துளையிட்டு, அதில் நின்று பாடித் தம் ஒலியைப் பெருக்கிக்கொள்வதை 2020இல் விளக்கினர். அவ்வினத்துக்கு 1936இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் சோபார். கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஹென்றியின் பெயரை அது தாங்குகிறது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? விஞ்ஞானம் பெருஞ்சாலைகளின் தனியுடைமை அன்று. நூதனசாலைப் பேழையிற் பெயர்பெற்ற பூச்சி, உயிரோடு பாடுவது மக்கள் வாழும் ஊர்களில்தான். ரேகனைப் போன்ற ஆசிரியர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. பாடநூலை ஒப்புவிப்பதே கல்வி என்ற ஏற்பாடு அவர்கள் கைகளைக் கட்டியிருக்கிறது. அம்பாவின் தாளத்தைத் தந்தையரிடம் கேட்டு வளரும் பிள்ளைக்கு, இரவுப் பூச்சியின் தாளத்தை எண்ணும் செவி ஏற்கெனவே உண்டு. அதன் கையில் ஒரு கடிகாரமும் குறிப்பேடும் கொடுத்து, கேள்வி கேட்கும் உரிமையையும் அளிப்பது நம் கடமை.