புதியவரின் வாசிப்பு: நெடுங்காலக் கட்டற்ற மென்பொருள்களுக்கு மீளாய்வாளர் உருவாகும் வழி

பல ஆண்டுகளாக நடந்துவரும் கட்டற்ற மென்பொருள் திட்டம் எதை எடுத்தாலும் அதன் பொறுப்பாளர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: ஆள் போதவில்லை. எந்த வேலைக்கு என்று அடுத்துக் கேட்டால் விஷயம் துலங்கும். நிரல் எழுதி அனுப்ப ஆள் இருக்கிறது. வந்ததை வரிவரியாகப் படித்து, இயக்கிப் பார்த்து, ஏற்கலாமா கூடாதா என்று காரணத்தோடு சொல்ல ஆள் இல்லை. புதியவர்களை முதலில் எழுத அழைக்கும் இன்றைய வழக்கமே இந்தப் பற்றாக்குறையை வளர்க்கிறது. முதலில் வாசிக்க அழைத்தால் பங்களிப்பாளரும் மீளாய்வாளரும் ஒரே வழியில் உருவாவார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கான வலுவான சான்று மும்பையிலேயே இருக்கிறது.

மும்பையின் சுனாபட்டியை நடுவாக வைத்துச் சுற்றிலும் பாருங்கள். 1887இல் நிறுவப்பட்ட வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி மாட்டுங்காவில், சயானை ஒட்டிய எவரார்டு நகரில் சோமையா தொழில்நுட்பக் கல்லூரி, செம்பூரில் விவேகானந்த் கல்விக் கழகத்தின் பொறியியல் கல்லூரி. வி.என். புரவ் சாலையில் கிழக்கே போனால் தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் கழகம், மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். கடைசியாகச் சொன்ன மையத்தில்தான் நாகார்ஜுனா ஜி. வழிநடத்திய ஆய்வகம் ‘நோசிஸ்’ என்ற கட்டற்ற அறிவுத்தளத்தை உருவாக்கியது. கணினி படிக்கும் மாணவர்கள் இவ்வளவு நெருக்கமாக வாழும் பகுதிகள் நாட்டில் குறைவு. மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்தும் தாராவியிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஆகவே ஆட்பற்றாக்குறை என்பது எண்ணிக்கை சார்ந்த சிக்கலாக இருக்க முடியாது. இந்த மாணவர்களை எந்த வாசல் வழியாக அழைக்கிறோம் என்பதைத்தான் ஆராய வேண்டும்.

இப்போது திறந்திருக்கும் வாசல், கிட்ஹப் தளத்தில் ஒரு ‘புல் ரிக்வெஸ்ட்’, அதாவது திருத்தத்தை ஏற்கக் கோரும் வேண்டுகோள், அனுப்புவது. 2014இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு, அக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அனுப்பியவர்களுக்கு டி-ஷர்ட் கொடுத்தது. 2020இல் பொருளற்ற திருத்தங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. அந்த மாதத் தொடக்கத்திலேயே, விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கும் இதே கதி: அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லித் திருத்தங்கள் குவிந்தன. இரண்டுக்கும் இந்திய மாணவர்கள் பரவலாகப் பார்த்த பாடக் காணொளிகளைப் பலர் காரணமாகச் சுட்டினார்கள். மாணவர்களைப் பழித்துப் பயனில்லை. ஒரு வரியும் படித்திராத நிரல்தொகுப்பில் எதையாவது எழுது என்றால், தன் பெயரைத் தவிர வேறெதை ஒருவர் எழுதுவார்? இப்போது எழுத்துவேலையை இயந்திரமே செய்கிறது. பெரிய மொழிமாதிரிகள் புனைந்து தரும் போலிப் பாதுகாப்புப் புகார்களைப் படித்தே நேரம் அழிகிறது என்று கர்ல் மென்பொருளின் பொறுப்பாளர் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 முதல் எழுதிவருகிறார். எழுதும் செலவு குறைந்துகொண்டே போகிறது; படிக்கும் செலவு அப்படியே நிற்கிறது.

படிப்பவர் இல்லாதபோது நேர்வதற்கு இரண்டு சான்றுகள் போதும். இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ பிழை நுழைந்தது 2011 டிசம்பர் 31 அன்று. வந்த செய்தியின் உண்மையான நீளத்தை, அது தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்ட நீளத்தோடு ஒப்பிடும் ஒரு சோதனை விடுபட்டிருந்தது. நிரலைப் பார்த்து ஏற்றவர் ஒருவர். அவர் கண்ணிலும் அது படவில்லை. 2014 ஏப்ரலில் பிழை வெளிப்படும்வரை ஏராளமான இணையத்தளங்கள் அந்த நிரலின்மேல் நின்றன. எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் கதை இன்னும் கசப்பானது. லாசே காலின் ஏறத்தாழத் தனியாளாகச் சுமந்த திட்டம் அது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்தவர் 2021 முதல் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார். காலின் தாமதிக்கிறார், இன்னொருவரைச் சேர்க்க வேண்டும் என்று வேறு பெயர்களில் நெருக்கடியும் வந்தது. திட்டத்தைப் பராமரிக்கும் உரிமை ஜியா டானுக்கும் கிடைத்தது. 2024 மார்ச்சில் ஆந்திரேஸ் பிராயிண்ட், உள்நுழைவில் அரை நொடி தாமதம் ஏன் என்று தேடிப்போய் அந்த மென்பொருளில் புதைந்திருந்த கள்ளக்கதவைக் கண்டுபிடித்தார். எழுதியதை மட்டுமே நம்பிக்கைக்கு அளவுகோலாக வைத்ததால் வந்த கேடு இது. உடன் படிக்க நாலு பேர் இருந்திருந்தால் அந்தத் தனி மனிதர் அவ்வளவு களைத்திருக்க மாட்டார். வந்தவரை அவ்வளவு எளிதில் நம்பவேண்டிய நிலையும் வந்திருக்காது.

தொடக்கத்தில் சொன்ன மும்பைச் சான்றுக்காக இனி பவாய்க்கு வருவோம். மும்பை ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் பத்து நிமிட அளவிலான பாடங்களைத் தயாரிக்கிறது. அவை தமிழ் உட்பட 22 மொழிகளில் ஒலிமாற்றம் பெறுகின்றன. பாடத்தின் எழுத்துவடிவம் பொதுவெளியில் வைக்கப்படுகிறது. துறை வல்லுநர் ஒருவர் அதைப் பார்க்கிறார். அதோடு, அந்த மென்பொருளை முன்பின் அறியாத ஒருவரும் பார்க்க வேண்டும் என்பது விதி. ‘நோவிஸ் செக்’ என்று அங்கே அதைச் சொல்கிறார்கள். எழுதியதை வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், புதியவர் ஒவ்வோர் அடியாகச் செய்து பார்க்கிறார். அவர் எங்கே திகைத்து நிற்கிறாரோ அங்கே பாடத்தில் குறை இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் ஆழம் போதிய அளவு பேசப்படவில்லை என்று கருதுகிறேன். மென்பொருள் உலகில் மீளாய்வு என்பது மூத்தவர் இளையவருக்குச் செய்வது. இங்கே அறியாமையே தகுதியாகிறது. எந்தக் கோப்பை முதலில் நிறுவ வேண்டும், எந்தச் சொடுக்கு சொல்லப்படாமல் விடுபட்டது, பிழைச்செய்தி எதைக் குறிக்கிறது என்பவற்றை இருபதாண்டு அனுபவமுள்ளவரால் பார்க்கவே இயலாது; அவருடைய கை தானாக அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். அந்தக் கண்ணை இழப்பதற்கு முன் ஒருவரை அமர்த்திக்கொள்வதால் திட்டத்துக்கு லாபம். படிப்பவருக்கும் லாபம்: வேலை சிறியது, எல்லை உள்ளது, முடித்ததும் முடிந்ததென்று தெரியும்.

அதே வளாகத்தின் ‘ஃபாசி’ திட்டம் நடத்தும் பாடநூல் துணைவனும் இவ்வகையைச் சேர்ந்தது. பாடநூலில் தீர்வோடு உள்ள கணக்குகளை மாணவர்கள் சைலேபிலோ பைத்தானிலோ எழுதி மதிப்பூதியமும் சான்றிதழும் பெறுகிறார்கள். விடை நூலில் அச்சாகியிருப்பதால், அந்தப் பாடத்தைப் படித்த இன்னொரு மாணவரே அதைச் சரிபார்க்க முடியும்.

வெளியுலகில் இதற்கு நெருங்கிய முயற்சி, பிட்காயின் கோர் திட்டத்துக்காக 2019இல் தொடங்கிய மீளாய்வுக் கழகம். ஒரு திருத்தத்தை முன்கூட்டியே தேர்ந்து, குறிப்பும் கேள்விகளும் வெளியிட்டு, எல்லோரும் படித்துவிட்டு உரையாடக் கூடுகிறார்கள். வந்தவர் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. தமிழுக்கு இது புதிதல்ல. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தால், தட்டச்சு செய்தவர் பெயரோடு மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் முகப்பில் நிற்கும். பல மென்பொருள் திட்டங்களின் நன்றிப்பட்டியலில் நிரல் எழுதியவர் பெயர் தானாக ஏறுகிறது. படித்துத் தவறு கண்டவர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. ஹார்ட்பிளீட் போன்ற பிழையைப் புதியவர் எவரும் பிடித்திருக்க மாட்டார். உண்மை. நினைவக எல்லையை உணர்ந்து படிக்கும் பார்வை ஆண்டுக்கணக்கில் உருவாவது. ஆனால் அந்தப் பார்வை எழுதுவதால் மட்டும் வருவதில்லை. பிறர் நிரலை, அதிலும் மூத்தவர் நிராகரித்த நிரலை, அவர் சொன்ன காரணத்தோடு சேர்த்துப் படித்துத்தான் வருகிறது. முதல் நாளே எழுதத் தொடங்குபவர் இந்தப் பயிற்சிக்குள் வருவதே இல்லை. மேலும், நிறுவுதல், இயக்குதல், ஆவணம் ஆகிய அடுக்குகளைப் புதியவர்கள் ஏற்றுக்கொண்டால் மூத்தவரின் நேரம் ஆபத்தான வரிகளுக்கு மிஞ்சும். அவருக்கும் கூலி வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஜாங்கோ மென்பொருளின் அறக்கட்டளை 2014 முதல் இவ்வேலைக்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது.

சுனாபட்டியைச் சுற்றியுள்ள கல்லூரிகள் செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. ஆண்டுத்திட்ட மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, மாணவர் அனுப்பிய நிரலுக்கன்றி, அவர் படித்து எழுதிய மீளாய்வுக் குறிப்புகளுக்கு ஒதுக்கலாம். அந்தக் குறிப்புகள் பொதுவெளியில் இருப்பதால் பேராசிரியர் அவற்றின் தரத்தை நேரே பார்க்க முடியும். பெயரை மட்டும் சேர்த்துவிட்டுப் போக அங்கே இடமில்லை. இன்னொரு வளமும் இங்கே கிடக்கிறது. மும்பை மாநகராட்சி இன்றும் தமிழ்வழிப் பள்ளிகள் நடத்துகிறது. அங்கே படித்து வந்த பிள்ளை, மராத்தியும் இந்தியும் பேசும் ஊரில் தமிழைப் படிக்கவும் தெரிந்தவர், கணினிக்குப் புதியவர். ஸ்போக்கன் டுடோரியலின் தமிழ்ப் பாடத்துக்கும், லிப்ரே ஆபீஸின் தமிழ் இடைமுகத்துக்கும், ‘ஓப்பன் தமிழ்’ நிரலகத்தின் விளக்கக் குறிப்புக்கும் இவரைவிடப் பொருத்தமான முதல் வாசகர் யார்? அவர் கண்ட குறைகளின் பட்டியலை, அவர் பெயரோடு, திட்டத்தின் அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் அச்சிடுவதை நிபந்தனையாக வைத்தே கல்லூரிகள் திட்டங்களோடு உடன்பாடு செய்துகொள்ள வேண்டும்.