பெயர் பொறித்த பாறை

பல்லாண்டுக் காலம் வகுப்பறையில் வரலாறு நடத்திய நான், ஒரு மாணாக்கன் கேட்ட வினாவிற்கு மட்டும் விடை கூறாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். அவ்விடையை இன்று உங்கள் முன்னிலையில் கூற விரும்புகின்றேன்.

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்றோர் சிற்றூர் உண்டு. அங்கே தனித்து நிற்கும் பாறையொன்றைக் குடைந்து, ஏறத்தாழக் கி.பி. 600 முதல் 630 வரை ஆண்ட பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு கோயிலை ஆக்குவித்தான். அதன் முகப்பில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் மன்னன் இக்கோயிலை அமைத்தான் என்பது அதன் கருத்து. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று.

இக்கல்வெட்டை நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்தினேனே தவிர, நேரிற் கண்டதில்லை. ஒருமுறை மேல்வகுப்பு மாணாக்கரை அழைத்துக்கொண்டு சென்றேன். முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர் இருவர் கல்லில் நின்றனர். நடுவே தூண்கள், அவற்றின் அடியும் முடியும் சதுரம், இடைப்பகுதி எட்டுப் பட்டை. உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றும் வெறுமையாக இருந்தன. நாற்பது பிள்ளைகளும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டனர்.

குடைவரையின் அருமையை அவர்களுக்கு விளக்கினேன். கட்டடம் எழுப்புவோன் கல்லின்மேற் கல் வைத்துச் செல்கிறான். ஒரு கல் பழுதானால் வேறு கல் இடுவான். குடைவோனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. தூணாக நிற்கவேண்டிய இடத்தில் உளி சற்றே பிசகினாலும், பெயர்ந்த சில்லை மீண்டும் ஒட்டுவதற்கில்லை. பாறை முகத்தைச் சிறு சிறு சதுரங்களாக வகுத்து, இடையே பள்ளம் வெட்டி, எஞ்சிய மேடுகளைத் தட்டி எடுத்து, அவ்வாறே உள்ளே சென்றனர் என்பதை மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட குடைவரைகள் இன்றும் காட்டுகின்றன.

பேசி முடித்துத் திரும்பியபோது, ஒரு மாணாக்கன் கவராயத்தின் முனையால் உட்சுவரில் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். நான் அதட்டினேன். அவன் அஞ்சவில்லை; அடக்கமாகவே கேட்டான்: “அரசன் தன் பெயரைப் பொறித்தான் என்று தாங்களே கூறினீர்கள், ஐயா. நான் பொறித்தால் மட்டும் குற்றமா?”

“வாயை மூடு” என்றேன். என் ஆசிரியப் பணியில் நான் கூறிய மிகத் தாழ்ந்த விடை அதுவேயாகும்.

ஓய்வு பெற்றபின் அவ்வினாவை எண்ணியே பல இடங்களுக்குச் சென்றேன். சாளுவன்குப்பத்தில், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் நிகழ்ந்த அகழாய்வு, பல்லவர் காலக் கட்டுமானத்தின் அடியில் அதனினும் பழைய செங்கற் கோயிலொன்றை வெளிப்படுத்தியது. மகேந்திரன் தன் கல்வெட்டில் எவற்றை விலக்கியதாகக் கூறினான் என்பதன் பொருள் எனக்கு அங்கே விளங்கிற்று. முன்னோர் செங்கல்லால் எடுத்தவை மண்ணுள் மறைவதைக் கண்ட நாட்டிலே, அழியாத பொருளைத் தேடினான் அவன். அவன் எழுத்து வெறும் பெயரன்று. செய்த செயலின் கணக்கு.

ஆயினும் செய்தவன் அரசன் மட்டுந்தானா? உளி பிடித்தோர் யார்? மண்டகப்பட்டுக் கல்வெட்டு அவர்களைக் குறிக்கவில்லை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குச் சென்றபோது அதற்கும் ஒரு விடை கிடைத்தது. அங்கே ஒரு பாறையில், பழைய எழுத்துகளில், தொழில் வல்லார் சிலருடைய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன் என்பது அவற்றுள் ஒன்று. கலைச்சின்னம் எதனையும் தீண்டாமல், ஒதுக்குப்புறமான ஒரு வெறும் பாறையில் அப்பெயர்கள் நிற்கின்றன.

நேயர்களே, அம்மாணாக்கனுக்கு நான் கூறியிருக்க வேண்டியது இதுதான்: “தம்பி, மன்னன் தான் ஆக்குவித்ததில் எழுதினான். கல்லை வெட்டும் உரிமையும் திறமையும் உடைய தச்சர்களோ, தம் பெயரை அயலிலிருந்த பாறையிலே எழுதினர். நீ எழுதியது பிறர் உழைப்பின்மேல்.” இவ்வாறு கூறியிருந்தால் அவன் ஏற்றுக்கொண்டிருப்பான் என்றே நம்புகின்றேன். வினவத் தெரிந்தவனுக்கு விளங்கிக்கொள்ளவும் தெரியும்.

நினைவுச் சின்னங்களைச் சிதைப்போரைத் தண்டிக்க 1958-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் காவலர் இல்லாத நண்பகலில், கையில் ஆணியுடன் நிற்கும் சிறுவனைத் தடுப்பது சட்டமன்று; அவன் அறிவே. அவ்வறிவை ஊட்டும் பொறுப்பு எம்போன்றோரைச் சார்ந்தது.

சென்ற ஆண்டு மீண்டும் மண்டகப்பட்டிற்குச் சென்றேன். அவன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அச்சுவரில் இன்னும் உள்ளன. பாறை எதனையும் மறப்பதில்லை. அவ்வெழுத்துகளில் அவன் பிழை பாதி. விடை கூறாத என் பிழை பாதி.