இரத்தக் காட்டேரி நம்பிக்கை: கண்ட காட்சியும் கொண்ட முடிவும்

இரத்தக் காட்டேரி உண்டா என்று கேட்டால் இல்லை என ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்விடை சரியானதே. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் பேரரசின் அதிகாரிகளும் படை மருத்துவர்களும் கல்லறைகளைத் திறக்கச் செய்து, கண்டதை எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருக்கிறார்கள். இல்லாத ஒன்றுக்கு இத்தகைய சாட்சிகள் எப்படிக் கிடைத்தார்கள் என்பதை விளக்கியாக வேண்டும். அவர்கள் கண்ட காட்சி உண்மை. கொண்ட முடிவே பிழை. அம்முடிவை நோக்கி ஊர்மக்களைத் தள்ளியது தொடர்சாவுகளின் அச்சம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு ஆவணங்கள்

1718ஆம் ஆண்டின் பாசரோவிட்ஸ் உடன்படிக்கையால் செர்பியாவின் வடபகுதி உதுமானியரிடமிருந்து ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு மாறியது. கல்லறையைத் திறந்து பிணத்தைச் சோதிக்கும் ஊர்ச் சடங்கு அதன்பின் அரசு ஆவணங்களில் இடம்பெற்றது. 1725இல் கிசிலியெவோ கிராமத்தில் எட்டு நாள்களுக்குள் ஒன்பது பேர் இறந்தனர். முன்பே இறந்து புதைக்கப்பட்ட பீட்டர் பிளகோயெவிச் உறக்கத்தில் வந்து தங்கள்மேல் படுத்துக் கழுத்தை நெரித்ததாக அவர்கள் சாகும் தறுவாயில் கூறியிருந்தனர். கல்லறையைத் திறக்கப் பெல்கிரேடிலிருந்து அனுமதி வரட்டும் என்று அதிகாரி ஃப்ரோம்பால்ட் சொல்லிப் பார்த்தார். அதற்குள் ஊரே அழிந்துவிடும் என்று மக்கள் மறுத்துவிட்டனர். புதைத்துப் பத்து வாரங்கள் ஆகியும் உடல் புதிதாக இருந்தது. முடியும் தாடியும் வளர்ந்திருந்தன. பழைய தோல் உரிந்து புதுத்தோல் தெரிந்தது. வாயில் இரத்தம் இருந்தது என்று ஃப்ரோம்பால்ட் எழுதினார். ஊரார் நெஞ்சில் முளை அடித்து உடலை எரித்தனர். அறிக்கை வியன்னா செய்தித்தாளில் வெளிவந்தது.

1732 ஜனவரியில் மெத்வெஜா கிராமத்தில் படை மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் நடத்திய விசாரணை இன்னும் விரிவானது. மூன்று மாதங்களில் 17 பேர் அங்கு இறந்திருந்தனர். சில ஆண்டுகளுக்கு முன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இறந்த ஆர்னோட் பாவ்லேதான் இதற்கெல்லாம் மூலம் என்று ஊரார் நம்பினர். காட்டேரியின் தொல்லை தீர, அதன் கல்லறை மண்ணைத் தின்று அதன் இரத்தத்தைப் பூசிக்கொண்டதாகப் பாவ்லே உயிரோடிருந்தபோது சொல்லியிருந்தார். மகப்பேற்றுக்குப்பின் இறந்த 20 வயது ஸ்தானாவும் அவ்வாறே இரத்தம் பூசிக்கொண்டதாகக் கூறியிருந்தாள். உயிர் காக்கச் செய்த சடங்கே இறந்தபின் அவர்களுக்கு எதிரான குற்றச்சான்றாயிற்று.

சிதைவின் இயல்பு

பிணம் சிதையும் முறையை அறிந்தவருக்கு இவ்வறிக்கைகளில் வியப்பொன்றும் இல்லை. குடலில் வாழும் நுண்ணுயிரிகள் இறப்புக்குப்பின் வாயுவை உண்டாக்குகின்றன. உடல் பருத்து, நன்றாக உண்டது போலத் தோன்றுகிறது. அந்த அழுத்தத்தால் செந்நிற நீர்மம் வாய்க்கும் மூக்குக்கும் ஏறுகிறது. உறைந்த இரத்தம் மீண்டும் இளகக்கூடும். மேல்தோலும் நகமும் கழன்று விழும்போது அடியிலுள்ள பகுதி புதிதாக முளைத்தது போலக் காட்சி தருகிறது. தோல் சுருங்குவதால் முடி நீண்டதாகத் தெரிகிறது. 1988இல் பால் பார்பர் தம் நூலில் இவ்விளக்கத்தை முறையாக நிறுவினார்.

காலக்கணக்கும் இதற்கு இசைகிறது. மண்ணுக்கடியில் எட்டு வாரச் சிதைவு திறந்தவெளியில் ஒரு வாரச் சிதைவுக்கு ஒப்பாகும் என்பது ஜெர்மானியத் தடயவியல் மருத்துவர் காஸ்பர் வகுத்த தோராய விதி. அதன்படி பிளகோயெவிச்சின் பத்து வாரம் ஏறத்தாழ ஒன்பது நாள்களே. மூக்கு சற்றுச் சரிந்திருந்ததையும் ஃப்ரோம்பால்ட் குறித்திருக்கிறார். சிதைவு தொடங்கிவிட்டதற்கு அவர் கையெழுத்தே சான்று.

நோய்க் கருதுகோள்கள்

1985இல் டேவிட் டால்ஃபின் போர்ஃபிரியா நோயையும், 1998இல் ஹுவான் கோமெஸ்-அலோன்சோ வெறிநாய்க்கடி நோயையும் இந்நம்பிக்கையின் மூலமாக முன்வைத்தனர். இவ்விரண்டும் உயிரோடிருப்பவரின் நடத்தையை விளக்குபவை. செர்பியாவில் குற்றம் சாட்டப்பட்டவை பிணங்கள். போர்ஃபிரியாக் கருதுகோளுக்குத் துணையாகக் கொள்ளப்படும் ‘வெயில் பட்டால் காட்டேரி அழியும்’ என்பது 1922இன் ‘நோஸ்ஃபெராட்டு’ திரைப்படம் பரப்பிய கருத்து. மேற்கண்ட அறிக்கைகளில் அதற்கு இடமில்லை. 1897இல் வெளிவந்த ‘டிராகுலா’ நாவலுக்குப் பதினைந்தாம் நூற்றாண்டு மன்னர் விளாட் தந்ததும் பெரிதும் பெயர்தான். கதைக் காட்டேரிக்குப் பொருந்தும் விளக்கத்தைக் கல்லறைக் காட்டேரியின்மேல் ஏற்றுவது முறையாகாது.

பொய்ப்பிக்க முடியாத சோதனை

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1892 மார்ச்சில் நடந்தது நம் வாதத்துக்கு வலுவூட்டுகிறது. எக்ஸிட்டர் ஊரின் பிரவுன் குடும்பத்தில் தாயும் இரு மகள்களும் காசநோயில் இறந்தனர். மகன் எட்வின் நோயுற்றிருந்தான். தோண்டிப் பார்த்தபோது, முன்பே இறந்த தாயும் மூத்த மகளும் சிதைந்திருந்தனர். கடுங்குளிரில் இரண்டே மாதம் கிடந்த இளைய மகள் மெர்சியின் உடல் சிதையவில்லை. அது இயற்கையே என்று மருத்துவர் கூறியும், அவள் இதயத்தை எரித்துச் சாம்பலை எட்வினுக்கு மருந்தாகக் கொடுத்தனர். மே மாதம் அவன் இறந்தான். காசநோய்க் கிருமியைக் கோஹ் உலகுக்கு அறிவித்துப் பத்தாண்டு கழிந்திருந்தது.

இங்கும் மெத்வெஜாவிலும் கையாண்ட சோதனை ஒன்றே. சிதைந்த உடல் விடுவிக்கப்பட்டது. சிதையாத உடல் தண்டிக்கப்பட்டது. தனி உடலை விடுவிக்க வழியிருந்தது. காட்டேரி என்ற கருத்தையே மறுக்க வழியில்லை. ஒரே நிலத்தில் சில உடல்கள் சிதைந்தும் சில சிதையாமலும் கிடந்ததை ஃப்ளூக்கிங்கரே பதிந்திருக்கிறார். சிதைவின் வேகம் உடலுக்கு உடல் மாறும் என்ற முடிவுக்கான தரவு அவர் கையிலேயே இருந்தது.

அம்முடிவை எடுத்தவர் அரசி மரியா தெரேசாவின் மருத்துவர் கெரார்டு வான் ஸ்வீட்டன். ஹெர்மர்ஸ்டோர்ஃப் ஊர்ப் பிணங்கள் எரிக்கப்பட்டதை ஆராய்ந்து, இயற்கைக் காரணங்களால் உடல் சிதையாதிருக்கக்கூடும் என்று அவர் 1755இல் எழுதினார். அவ்வாண்டே அரசி இத்தகைய செயல்களைத் தடைசெய்தார். நோயின் காரணம் தெரியாத இடத்தில் அச்சம் ஓர் ஆளைத் தேடுகிறது. இறந்தவரால் மறுப்புச் சொல்ல முடியாது. நோய்க்குப் பலியானவரே நோயைப் பரப்பியவராகத் தண்டிக்கப்பட்டதுதான் இவ்வரலாற்றின் பெருங்கொடுமை. ஆகவே காட்டேரி நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குவதைவிட, சரியான கவனிப்பும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கான சான்றாகக் கொள்வதே பொருந்தும். எந்தச் சான்று வந்தால் தன் கருத்தைக் கைவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லாத எந்த விசாரணைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.